கொழுந்துக்குக் கடை இல்லை

பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் எதைத் தொட்டாலும் பக்கத்து மலைச்சரிவில் விளைந்தது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஸ்ட்ராபெரி, சோளம், ஜப்பான் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பொரித்த காளான், தக்காளி, முட்டைக்கோஸ், தேன், சின்னச் சட்டியில் கள்ளிச்செடி. முன்பு பிரிஞ்சாங் டவுனுக்குள் இருந்த சந்தை இப்போது கோல்டன் ஹில்ஸ் பக்கம் போய்விட்டது. பள்ளி விடுமுறை என்றால் அந்தச் சாலையில் கார் நகராது. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம். ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் சூடான அப்பம் பாலேக்கோடு நடப்பது கோலாலம்பூர்க்காரனுக்கு வெளிநாடு போன மாதிரிதான்.

நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். மூன்று பேர் இங்கே உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பொறியியல் படித்தவர்கள். மற்ற இரண்டு பேர் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு இது நிஜமாகவே வெளிநாடு. பகல் முழுக்க சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளில் படம் எடுத்துவிட்டு, இருட்டியதும் சந்தைக்கு வந்தோம். ஒரு சுற்று முடிந்ததும் கோவை நண்பன் கேட்டான்.

"ப்ரோ, மலை பூரா தேயிலை. அதை நட்டது நம்மாளுங்கதான்னு காலையிலேருந்து சொல்றீங்க. அப்ப இங்க நம்மாளுங்க கடை எங்க?"

எங்களில் ஒருவன் உடனே பதில் சொன்னான்: "நம்மாளுக்கு வியாபாரம் வராது மச்சான். அதான் விஷயம்."

மலேசியாவில் வளர்ந்த தமிழர் யாருக்கும் இந்த வாக்கியம் புதிது இல்லை. கல்யாண வீட்டில், காப்பிக் கடையில், அரசியல் மேடையில் கேட்டிருப்போம். நாமே சொல்லியும் இருப்போம். சீனர்களுக்கு வியாபாரம் ரத்தத்தில் இருக்கிறது, நமக்கு இல்லை என்பதில் விவாதம் முடிந்துவிடும். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரு சந்தையில் மேசைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதை ரத்தம் தீர்மானிக்கிறதா, வேறு ஏதாவது தீர்மானிக்கிறதா? கேமரன் மலையின் வரலாற்றைப் புரட்டினால் பதில் தெளிவாகவே கிடைக்கிறது.

1885இல் வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் பகாங், பேராக் எல்லையில் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி அறிக்கை எழுதினார். அதன்பின் நாற்பது வருடம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்துவிட்டு, இங்கே ஒரு மலைவாசத்தலம் அமைக்கலாம் என்று முடிவுசெய்தார். சிம்லா, ஊட்டி, நுவரெலியா மாதிரி மலாயா வெள்ளைக்காரர்களுக்கும் குளிர்ந்த ஓர் இடம் வேண்டும். எந்தப் பயிர் வரும் என்று பார்க்க தானா ராத்தாவில் அரசின் விவசாயச் சோதனை நிலையம் வந்தது. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1930களின் தொடக்கத்தில் தயாரானது. அந்த வளைவுகளில் இப்போதும் பாதிப் பேருக்கு வாந்தி வரும்.

சாலை வருவதற்கு முன்பே நிலத்தைப் பங்கு பிரிக்கும் வேலை ஆரம்பமாகிவிட்டது. திட்டம் போட்டவர்களின் கண்ணில் மலை மூன்று துண்டாகத் தெரிந்தது. பங்களாவுக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் ஒரு துண்டு. பெரிய தேயிலைத் தோட்டங்களுக்கு ஒரு துண்டு. இந்த இரண்டுக்கும் காய்கறி கொடுக்கும் சின்னச் சின்னத் தோட்டங்களுக்கு ஒரு துண்டு. இதற்கெல்லாம் முன்பிருந்தே அங்கே வாழ்ந்த செமாய் மக்களுக்கு அந்தக் கணக்கில் தனித் துண்டு இல்லை.

பெரிய தேயிலைத் தோட்டத்தின் கதை ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸலிடம் தொடங்குகிறது. நிலக்கரி, ரப்பர், கட்டடம் என்று மலாயாவில் பல தொழில் செய்தவர். 1929இல், இலங்கையில் தேயிலை வளர்த்து அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னைச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தை ஆரம்பித்தார். அது உலகப் பொருளாதாரம் கவிழ்ந்த வருடம். ரப்பர் விலை தரைமட்டமானது. ரஸ்ஸல் 1933இல் இறந்துவிட்டாலும் நிறுவனம் நின்றது. அதே 1933இல், வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலைத் தோட்டமும் தொடங்கியது. இன்று கேமரன் மலையில் சுற்றுலாப் பயணிகள் நின்று செல்ஃபி எடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டு நிறுவனங்களின் சரிவுகளில்தான்.

காட்டை வெட்டி, சரிவைச் சீராக்கி, செடி நட்டு, கொழுந்து பறிக்க ஆள் வேண்டுமே? மலாயாவில் அதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்ட பிறகு, கங்காணி தன் ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் அழைத்துவருவதே முக்கிய வழியானது. 1938இல் இந்திய அரசு அதற்குத் தடை போடும்வரை அது நடந்தது. தேயிலைத் தோட்டங்கள் ஆள் எடுத்தது, தாழ்நிலத்து ரப்பர் தோட்டங்களில் வேலை போய் லட்சத்துக்கும் அதிகமான தென்னிந்தியர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட காலம். வேலை கிடைத்ததே பெரிது என்ற நிலை. 1920களின் இறுதியில் மேற்குக் கரைத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மந்தம் வந்தபோது அதுவும் குறைந்தது.

தோட்டம் என்றால் அது தனக்குள் மூடிக்கொண்ட ஓர் உலகம். லயம், பெரட்டு, மருந்துக் கொட்டகை, கோயில், கடை எல்லாம் வேலிக்குள். 1923 தொழிலாளர் சட்டப்படி பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளியும் வைக்க வேண்டும். அதே காலத்துச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. குடும்பம் உள்ள இந்தியத் தொழிலாளிக்கு, மாடு மேய்க்கவோ காய்கறி போடவோ 1/16 ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டும். ஏறக்குறைய 2,700 சதுர அடி. மூன்று பேட்மிண்டன் கோர்ட்டைச் சேர்த்துவைத்த அளவு. வீட்டுக்குக் கீரையும் கத்தரிக்காயும் வரும். லாரியில் ஏற்றி ஈப்போவுக்கு அனுப்ப மிச்சம் வராது. அந்த நிலமும் தோட்டத்துடையதுதான். வேலையை விட்டால் வீட்டோடு சேர்த்து அதையும் விட்டுவிட வேண்டும்.

அடுத்த காரணம் செடிக்குள்ளேயே இருக்கிறது. பொறியியல் படித்த புத்திக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டது.

முட்டைக்கோஸைப் பறித்தால் அது அப்போதே சரக்கு. கூடையில் வைத்து ரோட்டோரம் உட்கார்ந்தால் வாங்க ஆள் வரும். தேயிலை அப்படி இல்லை. பறித்த கொழுந்தை யாரும் விலைகொடுத்து வீட்டுக்கு வாங்கிப் போக மாட்டார்கள். பறித்த நிமிடத்திலிருந்தே அது மாற ஆரம்பிக்கிறது. மூட்டையில் அழுத்தி வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். அன்றைக்கே ஆலைக்குப் போக வேண்டும். அங்கே காற்றில் மணிக்கணக்கில் வாட்டி, இயந்திரத்தில் உருட்டி நசுக்கி, காற்றுப் பட்டுப் பழுப்பாகும்வரை பரப்பிவைத்து, சூட்டில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். இதற்கு வேண்டிய கட்டடம், இயந்திரம், மின்சாரம், அடுப்பு எல்லாமே தோட்டத்தின் சொத்து. கொழுந்து பறிப்பவரின் கணக்கு தராசில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த இலையின் மேல் அவருக்குப் பேச்சே கிடையாது.

இப்போது நண்பனின் கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம். தொண்ணூறு வருடம் ஒரு சமூகம் ஒரு மலையில் வேலை செய்தது. ஆனால் அது உண்டாக்கிய பொருளை ஒரு நாள்கூடத் தானே கடைபோட்டு விற்றிருக்க முடியாது. விற்கப் பழக வேண்டுமானால் முதலில் கையில் ஏதாவது சரக்கு இருக்க வேண்டுமே?

காய்கறிக்காரர்களின் கதை வேறு. சாலை திறந்ததும் சீனத் தோட்டக்காரர்கள் பள்ளத்தாக்குகளில் சின்னத் துண்டுகளை எடுத்துப் பயிர் செய்தார்கள். பட்டா கிடையாது. பெரும்பாலோருக்குக் கிடைத்தது வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய தற்காலிகக் குடியிருப்பு அனுமதிதான். பிறகு 1948இல் அவசரகாலம் வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்பதற்காக, 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் சிதறிக் கிடந்த விவசாயிகளை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்கு போன்ற இடங்கள் அப்படி உருவானவை. கொடுமையான ஏற்பாடுதான். ஆனாலும் அந்தக் கிராமங்களைச் சுற்றியே மொத்த வியாபாரியும் லாரிக்காரரும் உரக் கடையும் வந்து சேர்ந்தார்கள். சின்ன நிலம், சொந்தச் சரக்கு, பக்கத்திலேயே லாரி. மூன்றும் இருந்தால் மூன்று மாதத்தில் முட்டைக்கோஸ் காசாகிவிடும்.

அதைச் சீனர்களின் வெற்றிக்கதையாக மட்டும் சொல்வதும் சரியில்லை. வருடாந்தர அனுமதியை நம்பி நிற்கிறவருக்கு அடுத்த வருடம் நிலம் உண்டா என்று தெரியாது. அதனால் மண்ணைக் காப்பாற்றுவதைவிட இந்த வருடமே எடுக்க முடிந்ததை எடுக்கத்தான் தோன்றும். சரிவுகளை வெட்டினார்கள், பிளாஸ்டிக் கூரை போட்டார்கள். மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. 1960களில் மின்சாரத்துக்காகக் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரி, எதிர்பார்த்ததைவிட வேகமாக வண்டலால் நிரம்பியது. 2013 அக்டோபரில் கனமழை பெய்து, அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறோடு வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின. சந்தையில் மூன்று பாக்கெட் பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் காய்கறிக்குப் பின்னால் அந்த வண்டலும் இருக்கிறது.

சந்தையில் தமிழரே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இரண்டாவது சுற்றில் ஒரு கச்சாங் பூத்தே கடையைக் கண்டுபிடித்தோம். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில். கடைக்காரர் ஈப்போவிலிருந்து சரக்கோடு மலையேறி வந்தவர்.

"அண்ணே, நீங்க தோட்டத்து ஆளா?"

"இல்ல தம்பி. நம்ம பூந்தோங். தாத்தா காலத்துலேருந்து கடலை வியாபாரம்தான்."

ஈப்போ பூந்தோங்கில் கச்சாங் பூத்தே கிராமம் என்றே ஓர் இடம் இருக்கிறது. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வீட்டிலேயே முறுக்கு பிழிந்து, கடலை வறுத்து, தலையில் சுமந்து விற்று உருவாக்கிய தொழில் அது. இன்று நாடு முழுக்கப் போகிறது. அவர்களும் நம்மாட்கள்தான். அவர்களுக்கு மட்டும் எப்படி வியாபாரம் வந்தது? அவர்கள் செய்த பொருள் அவர்கள் கையில் இருந்தது. கடலைக்கு ஆலை வேண்டாம், துரையின் அனுமதி வேண்டாம், ஒரு சட்டியும் அடுப்பும் போதும். இந்த ஒரு கடை போதும், "நமக்கு வியாபாரம் வராது" என்ற வாக்கியத்தைத் தூக்கிப் போட.

மலையிலும் அப்படித்தான். தோட்டத்தை விட்டு வெளியேறி, கொஞ்சம் நிலம் பிடித்துக் காய்கறியும் பூவும் போட்ட தமிழர்கள் கம்போங் ராஜா பக்கம் உண்டு. லாரி ஓட்டியவர்கள், ஒர்க்‌ஷாப் வைத்தவர்கள் உண்டு. தானா ராத்தா கடைத்தெருவில் தோசையும் வாழையிலைச் சாப்பாடும் போடும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. காலையில் அங்கேதான் சாப்பிட்டோம். நெய்த்தோசையைப் பிய்த்தபடி கோவை நண்பன், "சாம்பார் கொஞ்சம் இனிக்குது, ஆனா பரவால்ல" என்று மதிப்பெண் போட்டான். நாடு முழுக்கக் குடிக்கிற தே தாரேக்கும் தமிழ் முஸ்லிம் கடைகளோடு சேர்ந்து வளர்ந்ததுதான். தேயிலையில் சலித்துக் கடைசியில் விழும் தூளில் கெட்டிப்பால் ஊற்றி, இழுத்து ஆற்றுகிற டீ. பங்களாவில் ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜாமும் வைத்துக் குடித்தது நல்ல இலை. ரோட்டோரத்தில் ஆற்றிக் குடித்தது தூள். கடைசியில் நாட்டின் பானமானது தூள்தான்.

சந்தையின் எல்லைக்கு வெளியே இன்னொரு சந்தை இருக்கிறது. தாப்பாவுக்கு இறங்கும் பழைய சாலையில், மூங்கிலும் தகரமும் போட்ட சின்னக் குடில்கள். செமாய் மக்கள் பெத்தாய்க் கொத்து, காட்டுத்தேன், மூங்கில்குருத்து, பருவத்தில் டுரியான் விற்கிறார்கள். நாங்களும் நிறுத்தி ஒரு கொத்து பெத்தாய் வாங்கினோம். மலையின் மூத்த குடிகள் விற்பது, யாரும் அனுமதிச் சீட்டு கொடுத்து வளர்க்காத பொருள்களை மட்டும்தான் என்பது காரில் ஏறிய பிறகுதான் உறைத்தது. கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் ம.இ.கா. வேட்பாளர்கள் பல தேர்தல்களில் ஜெயித்தார்கள். 2019 இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் ஜெயித்து, மக்களவைக்குத் தேர்வான முதல் ஓராங் அஸ்லி ஆனார். நாடு சுதந்திரம் அடைந்து அறுபத்தொரு வருடம் கழித்து.

இன்றைக்குச் சரிவில் கொழுந்து வெட்டுவது யார் என்று பார்த்தால், கதை இன்னும் முடியவில்லை என்று புரியும். விரலால் கிள்ளிய காலம் போய், கத்திரி வந்து, இப்போது இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து நடக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அதைப் பிடித்திருப்பவர்களில் நிறையப் பேர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். காய்கறித் தோட்டத்திலும் சந்தை மேசைக்குப் பின்னாலும் அவர்கள்தான் நிற்கிறார்கள். சோளம் சுட்டுக் கொடுத்த பையன் எங்களைப் பார்த்ததும் தமிழில் "எத்தனை, அண்ணா?" என்றான். வங்காளதேசத்துக்காரன், இங்கே வந்துதான் கற்றுக்கொண்டானாம். அவன் விற்ற சோளம் அவனுடையது இல்லை. வேலை அனுமதி முடிந்தால் அவன் போக வேண்டும்.

நம் தாத்தாக்கள் அப்படித்தான் இருந்தார்கள். 1968இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, பல வருடம் தோட்டத்தில் உழைத்த பல்லாயிரம் தமிழர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இங்கேயே தங்கியவர்களும், ஓய்வு பெற்ற நாளில் லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. நட்ட செடி நூறு வருடம் நிற்கும். நட்டவருக்கு அந்த மலையில் ஓர் அறைகூட எழுதிவைக்கப்படவில்லை.

வாசிக்கிறவர்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. தோட்டம் என்றதும் மலேசியத் தமிழ் மனதில் வருவது பால்மரம். அகிலன் இங்கே வந்து பார்த்துவிட்டு எழுதிய நாவலின் பெயரே 'பால்மரக் காட்டினிலே'. தேயிலை என்றால் இலங்கை மலையகம் நினைவுக்கு வரும், அல்லது வால்பாறையைச் சொல்லும் 'எரியும் பனிக்காடு'. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தை உலக வாசகர்களுக்குக் கொண்டுபோனது, 2012இல் புக்கர் இறுதிப் பட்டியல்வரை போன டான் டுவான் எங்கின் ஆங்கில நாவல். அதன் மையத்தில் ஒரு ஜப்பானியத் தோட்டக்கலைஞரும் ஒரு சீன நீதிபதியும் இருக்கிறார்கள். நல்ல நாவல்தான். ஆனால் தராசுக்கு முன்னால் கூடையோடு நின்ற பெண் என்ன யோசித்தாள் என்பதைத் தமிழில்தான் யாராவது எழுத வேண்டும். அவர்களின் பிள்ளைகள் இப்போதும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்கிற வயதில் நாம்தான் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இறங்கும்போது காரில் விவாதம் தொடர்ந்தது. "சரி, அந்தக் காலத்துல முடியல. இப்ப?" என்று அதே நண்பன் விடவில்லை. நியாயமான கேள்விதான். அதற்கு என் பதில் இவ்வளவுதான்: ஒரு சமூகத்துக்கு எது வரும், எது வராது என்று சொல்லும் முன், அதன் கையில் எந்த நிலம் இருந்தது, எந்தப் பயிர் இருந்தது, விளைந்ததை விற்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். நம் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் போதாது, சோளம் சுட்ட அந்தப் பையனைப் பற்றியும் கேட்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் முப்பது வருடம் கழித்து யாராவது, "வங்காளதேசத்துக்காரனுக்கு வியாபாரம் வராது மச்சான்" என்று சொல்லிக்கொண்டு அதே சந்தையில் சோளம் தின்பார்கள்.